பழைய பேண்டு வீட்டு மாப்பிள்ளை

“அது என்ன, உன் கீழுதட்டுல பல் தடம்?” என்றாள் ரெமெய்.

நாற்பத்தொரு வருஷமாக அவளுக்குப் புருஷன் நான். இப்படி ஒரு கேள்வியை இதுவரை சம்பாதித்ததில்லை. அறுபத்தாறு வயதில் கேட்கப்பட்டதில் உள்ளூரப் பெருமைகூட வந்தது. பயம் அதைவிட வேகமாக வந்தது.

“சாப்பிடறப்ப கடிச்சிக்கிட்டேன்.”

“அதென்ன, வியாழக்கிழமை வியாழக்கிழமை கடிச்சிக்கிற? முந்தாநாள் டோமினோவுல ஜெயிச்சியா, ஒனோஃப்ரே?”

“தோத்துட்டேன்.”

“தோத்தவன் மூஞ்சி மாதிரியே இல்லையே!”

சமையலறை மேசையில் சர்க்கரைவள்ளிப் பூரணம் வைத்துச் சோமாசி மடித்துக்கொண்டிருந்தாள். ஏழாவது தட்டு. திருநாளுக்குப் பழைய பேண்டு வாத்தியக் குழுவுக்கு எங்கள் வீட்டிலிருந்து வருஷா வருஷம் ஒரு தட்டு போகும். இந்த வருஷம் கை தாராளம் போலிருக்கிறது என்று ஒன்றை எடுத்தேன். மரக்கரண்டியால் கையில் ஒரு போடு விழுந்தது.

விஷயம் இதுதான். வலென்சியாப் பக்கம் எந்த ஊரைத் தட்டினாலும் ஒரு பேண்டு விழும். எங்கள் ஊரைத் தட்டினால் இரண்டு விழும். ஒன்று பழையது, இன்னொன்று புதியது. புதியது ஆரம்பித்து நூற்றுப் பதினெட்டு வருஷம்தான் ஆகிறது.

என் மாமனார் பழையதில் முதல் கிளாரினெட், பிறகு தலைவர். உள்ளூர் ரொட்டிக்கடைக்காரன் புது பேண்டில் வாசிக்கிறான் என்பதற்காகவே, சாகும்வரை பக்கத்து ஊருக்கு நடந்துபோய் ரொட்டி வாங்கியவர்.

நான் பதினோரு வயதிலிருந்து பழையதில் கிளாரினெட். ஐம்பத்து நாலு வருஷமும் கடைசி வரிசை. போன வசந்தத்தில் புதிதாக வந்த பேண்டு மாஸ்டர், “இனிமே ஓய்வெடுங்க” என்று ஒரு கேடயம் கொடுத்தார். கேடயத்தை ஊத முடியாது.

கிளாரினெட்டை அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். குருவிகள் சுருதி தப்புகின்றன என்று நாளெல்லாம் ரெமெயிடம் புகார் சொன்னேன்.

செப்டம்பரில் புது பேண்டுத் தலைவர் மீன்கடையில் என்னை ஓரங்கட்டினார். “உங்கள மாதிரி ஆளு எங்களுக்கு வேணும். கிளாரினெட்கூட நாங்களே தர்றோம்.”

என் புகழ் எதிர்முகாம் வரை பரவியிருக்கிறது! அன்று மீன் வாங்க மறந்து, மிதந்துகொண்டே வீடு வந்தேன். அதிலிருந்து வியாழன்தோறும் ரெமெயிடம் டோமினோ ஆடப்போவதாகச் சொல்லிவிட்டு, புது பேண்டின் ஒத்திகைக்குப் போகிறேன்.

நாளை எங்கள் பேண்டுக்காரர்களின் காவல் புனிதை செசிலியாவின் திருநாள். புதிதாகச் சேர்ந்தவர்களின் வாசலுக்கு பேண்டே வாசித்துக்கொண்டு வந்து அழைத்துப்போகும். வந்தவர்களுக்கு வீட்டார் தின்னக் கொடுப்பார்கள். இந்த வருஷம் புது பேண்டில் புது ஆட்கள் நாலு பேர். பத்து வயதுச் சிறுமிகள் மூவர், அப்புறம் நான். என் வீட்டு வாசலுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள், மருந்துக்கடை முனையில் நிற்கிறேன் என்று தலைவரிடம் கெஞ்சியிருந்தேன்.

“எங்க போற? மறைக்காம சொல்லு,” என்றாள் ரெமெய்.

இன்னொரு பெண்ணைத் தேடிப் போனவனை எங்கள் ஊர் கிறிஸ்துமஸுக்குள் மன்னித்துவிடும். எதிர் பேண்டுக்குப் போனவனைக் கல்லறையிலும் மன்னிக்காது. ஊரே அப்படியென்றால், பழைய பேண்டுத் தலைவரின் மகள்? கண்ணை மூடிக்கொண்டு, இரண்டில் மலிவான குற்றத்தை எடுத்துக்கொண்டேன்.

“ஒரு பொம்பளை இருக்கா, ரெமெய்.”

“யாரு?”

வாயில் வந்த பெயரைச் சொன்னேன். “மீன்கடை எல்வீரா.”

என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு சிரித்தாள். மேசை ஆடியது, மாவு பறந்தது.

“எல்வீராவா! அவ மீனையே நாலு தடவ மோந்து பாத்துதான் கூடையில போடுவா. உன்னைப் போட்டுக்கிட்டாளாக்கும்!”

“ஏன், எனக்கென்ன குறை?”

“அதைச் சொல்ல ஆரம்பிச்சா சோமாசி கருகிடும். நான் கிளாரினெட்காரர் பொண்ணு, கிழவா. ஊதறப்ப உன் கீழ்ப்பல்லு பதிஞ்ச தடம் அது. எங்கப்பா உதட்டுல அதைப் பாத்துப் பாத்துதான் வளந்தேன். டோமினோ ஆடிட்டு வர்றவன் சீட்டியடிச்சிக்கிட்டா வருவான்? அதுவும் கடைசி வரிசைச் சீட்டி. பாட்டே இல்ல, வெறும் ‘பம் பம்’.”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“விட்டுடறேன் ரெமெய். இன்னிக்கே போய், இனிமே வரமாட்டேன்னு சொல்லிடறேன்.” பாட்டு தொடங்குமுன் அறுபது பேர் ஒன்றாக மூச்சிழுக்கும் அந்த ஒரு கணம் இனி எனக்கு இல்லை. மானமாவது மிஞ்சட்டும் என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். “நானா போகல. என் வாசிப்பைக் கேள்விப்பட்டு அவங்களா வந்து கூப்பிட்டாங்க.”

“கேள்விப்பட்டிருந்தா கூப்பிட்டிருப்பாங்களா?”

கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அதில் ஏறி, பேண்டுத் தொப்பியோடு சுவரிலிருந்து முறைத்துக்கொண்டிருந்த தன் அப்பாவைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினாள்.

“புது பேண்டுத் தலைவர் வீட்டுப் படியேறி உனக்கு ஒரு நாற்காலி கேட்டதே நான்தான்.”