நீல டிரம்

"நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன் சார். அந்த நீல டிரம்முல இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாது."

பகலவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கேட்க நினைத்தது அதைத்தான். ஆனால் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

கச்சிராயபாளையம் போகிற சாலையில், மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. செருப்பு ஒட்டும் பசை தயாரிக்கிறார்கள். கலவையில் ஆபத்தான பொருள் எதைச் சேர்த்தாலும் முதலாளி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்த முதலாளியோ 'கோந்தும் தண்ணீரும்தான்' என்று சாதித்துக்கொண்டிருந்தார். அதை நம்பாமல்தான் கள்ளக்குறிச்சி அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் பகலவன், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார்.

முதலாளி ஊரில் இல்லை. பகலவன் நின்றிருந்த கலவை அறைக்கு ஜன்னலும் இல்லை. அங்கே வேலை பார்க்கும் கமலா என்ற அந்தப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள்.

"இப்படிப் பேசச் சொல்லி யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல சார். வெளிய வாங்க. வேப்ப மரத்தாண்ட ஒக்காந்து பேசலாம்."

டிரம்மை விட்டு நம்மை நகர்த்தப் பார்க்கிறாள் என்று தோன்றியது பகலவனுக்கு.

"நான் இங்கதான் நிப்பேன்."

"தெரியும் சார். அப்படித்தான் சொல்லுவீங்க."

அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. உள்ளே நுழைந்தபோது பெட்ரோலும் பழமும் கலந்த மாதிரி ஒரு வாடை மூக்கைத் துளைத்தது. இப்போது அது சுத்தமாக இல்லை. உடம்பு பஞ்சாக லேசாகியிருந்தது.

"இங்க வேலை செய்யறவங்களுக்கு ஏதாவது..."

"தலைவலி இருக்குது. கை நடுங்குது. சாலம்மாளுக்கு ரெண்டு வாட்டி கரு கலைஞ்சுபோச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேனே சார்."

"யார்கிட்ட சொன்ன?"

 கமலா அவரைப் பரிதாபத்தோடு பார்த்தாள். முற்றத்தில் டப்பாக்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார்கள். மூன்று பேரும் கண் கொட்டாமல் அவரையே பார்த்தார்கள்.

பகலவன் குரலைத் தணித்துக்கொண்டார். "பயப்படாதம்மா. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு..."

"தேவதர்ஷினி. சளி புடிச்சா அதுக்கு மூச்சு வாங்கும். ராவெல்லாம் தோள்ல போட்டுக்கினு நடப்பீங்க."

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்தப் பக்கம் அவர் வந்ததே இல்லை. இங்கே அவர் பேர் கூட யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள், இருட்டில் நடப்பது இவளுக்கு எப்படித் தெரியும்?

"யாரும்மா நீ?" நாக்கு குழறியது. சுவரைப் பிடிக்கக் கை நீட்டினார். சுவர் நழுவி விலகிப் போனது.

"இதுக்கு மேல வுடக்கூடாதுடி. புடிங்க!" என்றாள் கமலா.

பெண்கள் மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். அவருடைய கைகளைப் பிடித்து இழுத்தார்கள். உதறிப் பார்த்தார், தெம்பில்லை. கத்த நினைத்தார், குரல் எழவில்லை. வேப்ப மரத்தடியில் கொண்டுவந்து சாய்த்தார்கள். முகத்தில் தண்ணீர் சில்லென்று விழுந்தது. காற்றை வாய் நிறைய இழுத்து இருமினார்.

கண்ணைத் திறந்தபோது, கல்வராயன் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"இப்பத்தானே உள்ள வந்தேன்..." என்று முனகினார்.

"வெயில்ல வந்தீங்க சார். எத்தினி வாட்டி வெளிய இட்டாந்தோம்! கைய உதறிட்டு உள்ள போயி, அந்த வாடையில எல்லாம் மறந்துபோயி, அதே கேள்விய மொதல்லேர்ந்து கேக்கறீங்க. பொண்ணு பேரு, அதுக்கு மூச்சு வாங்கறது, எல்லாம் நீங்க சொன்னதுதான்."

அவர் நடுங்குகிற தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கமலா அவர் தலையை முந்தானையால் துவட்டிவிட்டாள்.

"பயப்படாதீங்க சார். வேலைக்குச் சேந்த புதுசுல எங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சு."