நேரடிப் பதிவு

“தாத்தாவுக்கு ராத்திரி எப்படி இருந்தது?”

வாசலில் நின்று அக்கறையாகக் கேட்டான் சீனுவாசன். கையில் ஆரஞ்சுப் பழப் பை. ஒரு வாரமாக அவன் வராத காலை இல்லை.

செண்பகத்துக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் அவள் அப்பா தாண்டவராயனைப் பார்க்கச் சொந்தக்காரர்களே வருவதில்லை. யாரோ ஒரு காலேஜ் பையன், திண்டிவனத்தில் பஸ் ஏறி, விக்கிரவாண்டியில் இறங்கி, வெயிலில் நடந்து வருகிறான்.

“கஞ்சி ரெண்டு வாய் எறங்குச்சு தம்பி. கண்ணத் தொறந்து என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு.”

“ஓ... அப்படியா?”

அவன் முகம் தொங்கிப்போனதைச் செண்பகம் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த பாஞ்சாலி கவனித்தாள். அவன் எதற்கு வருகிறான் என்று அவளுக்குத் தெரியும். முதல் நாள் அவன் தேடி வந்ததே அவளைத்தான்.

மெட்ராஸில் பத்திரிகைத் துறையும் தகவல் தொடர்பும் படிக்கிறான். கடைசி வருஷம். ஏதாவது ஒன்றை ஆராய்ந்து ப்ராஜெக்ட் கொடுத்தால்தான் பட்டம். அவன் எடுத்துக்கொண்டது ஒப்பாரி. அந்தப் பக்கத்தில் ஒப்பாரி என்றால் பாஞ்சாலிதான் என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

“சாவு இல்லாத எடத்துல நான் அத வாயால எடுக்க மாட்டேன் தம்பி” என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

“எனக்கும் அதுதான்க்கா வேணும். செட்டப் பண்ணிப் பாடினா எங்க புரொபசர் கண்டுபிடிச்சிடுவார். நேரடிப் பதிவு இல்லேன்னா மார்க் கிடையாதுன்னுட்டார்.”

சொல்லும்போதே அவன் பார்வை தாண்டவராயன் படுத்திருந்த பக்கம் போயிற்று. மறுநாளிலிருந்து பழம் வர ஆரம்பித்தது.

“ஏன் தம்பி, உன் வூடு விழுப்புரந்தானே? அப்புறம் எதுக்குத் திண்டிவனத்துல ஃப்ரெண்டு ரூம்ல தங்கிக்கினு அலையற?” என்று பாஞ்சாலி இப்போது தன் வாசலில் இருந்தபடியே கேட்டாள்.

“வீட்டுக்குப் போனா வேலை ஓடாதுக்கா. அம்மாவுக்கு மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு பிடிச்சுக்குவாங்க. இது முடியட்டும், போகணும்.”

சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். மூத்திர வாடை மூக்கில் ஏறக் கர்சீப்பை எடுத்துப் பொத்திக்கொண்டான்.

அப்போதுதான் கிழவருக்குப் புரையேறியது. இருமினார். சளி தொண்டையில் அடைத்துக்கொண்டது. மூச்சு இழுக்க முடியாமல் கண் மேலே செருகியது.

“ஐயோ அப்பா! தம்பி, அந்தச் சொம்ப எடு! தண்ணி, தண்ணி!” என்று செண்பகம் அலறினாள். கிழவரின் தலையை அவள் மடியில் தாங்கியிருந்தாள்.

சொம்பு சீனுவாசன் காலடியிலேயே இருந்தது. அவன் குனியவில்லை. அவசர அவசரமாகத் தோள்பையைத் திறந்து டேப் ரிக்கார்டரை எடுத்தான். பட்டனை அழுத்திவிட்டு, வாசல் பக்கம் திரும்பிக் கத்தினான்.

“பாஞ்சாலியக்கா! சீக்கிரம் வாங்க!”

ஓடி வந்த பாஞ்சாலி அவனைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொம்பை எடுத்தாள். கிழவரை நிமிர்த்தி முதுகில் தட்டினாள். அடைத்திருந்த சளி பொத்தென்று வெளியே வந்து விழுந்தது. இரண்டு மடக்குத் தண்ணீர் இறங்கியதும் கிழவருக்கு மூச்சு சீராயிற்று.

“ச்சே!” என்று முனகிக்கொண்டே சீனுவாசன் ரிக்கார்டரை அணைத்தான்.

அந்த ‘ச்சே’ செண்பகத்தின் காதில் விழுந்தது. அவன் கையிலிருந்த மெஷினைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துபோயிற்று. ஆரஞ்சுப் பையைத் தூக்கித் தெருவில் வீசினாள். பழங்கள் சாக்கடை வரைக்கும் உருண்டன.

“எங்கப்பன் சாவுறதுக்கா பழம் வாங்கியாந்த? நீயெல்லாம் மனுசனாடா?”

பாஞ்சாலி அவன் காலருகே காறித் துப்பினாள். “ஜல்தி எடத்தக் காலி பண்ணு. உன்னப் பாத்தாலே கொமட்டிக்கினு வருது.”

அவன் படி இறங்கிய நேரம், மொபெட் ஒன்று வந்து நின்றது. சீனுவாசனின் அக்கா புருஷன் மாரியப்பன். திண்டிவனம் ரூமில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

“சீனு... அத்தை போயிட்டாங்கடா. விடியக்காலம் மூச்சுத் திணறல். கடைசி வரைக்கும் உன்னத்தான் கேட்டுக்கிட்டிருந்தாங்க.”

சீனுவாசன் அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டான். “அம்மா... அம்மா...” என்று தலையில் அடித்துக்கொண்டு கதறினான்.

பாஞ்சாலி துப்பிய வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“எழுந்திரு தம்பி” என்று அவன் தோளைத் தொட்டாள். மாரியப்பனிடம் கேட்டாள்: “அந்தம்மாவுக்கு எடுத்துப் பாட யாருனா கீறாங்களா?”

“டவுன்ல யாரும்மா இருக்காங்க? எல்லாம் கம்முனு உக்காந்திருக்காங்க.”

“பெத்தவள ஊமைச் சாவா அனுப்பக் கூடாது. நான் வர்றேன்.”

விழுப்புரத்தில் அவன் அம்மா லட்சுமியம்மாளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சீனுவாசன் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு குரல் கம்மும்வரை அழுதான். அவன் வீட்டுப் பக்கமே வராததைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பாஞ்சாலி தலைமாட்டில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். காலையில் அவன்மேல் வந்த அருவருப்பு அவளிடம் துளியும் மிச்சமில்லை. கூடமே அடங்கிவிட்டது. மார்பில் கை வைத்து, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள்.

சீனுவாசன் சட்டென்று எழுந்து வந்து அவள் கையைப் பற்றினான். அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

“ஒரு நிமிஷம்க்கா... புது கேசட் போட்டுக்கறேன்.”