மெஷின் நின்ற பிறகு

கம்ப்ரஸர் நின்று கால்மணி நேரமாகிறது. கார் ஷெட்டின் தகரக் கூரையிலுள்ள ஆணி ஓட்டை வழியாக மூன்று மணி வெயில் ஒரு கம்பியாகச் சாய்ந்து இறங்குகிறது. அவன் மணலைப் பீய்ச்சித் துரு நீக்கிய பழைய இரும்பு கேட், தோலுரித்ததுபோல் வெளுத்து நிற்கிறது. மணலுக்குப் பதிலாகப் பீய்ச்சவென்றே வாங்கிய கார்னெட் கல்தூள் மூட்டை தையல் பிரியாமல் மூலையில் கிடக்கிறது. பக்கத்தில், வீடு கட்டி மிஞ்சிய மணற்குவியல் பாதியாகியிருக்கிறது. "மணலை மட்டும் அடிக்காதீங்க, அந்தத் தூசு நுரையீரலை அரிச்சிடும்னு கடைக்காரர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே" என்கிறாள், வாசலில் வந்து நின்ற மனைவி. "சும்மா கிடக்குற மணல்தானே. அதான் மாஸ்க் போட்டிருந்தேனே." மாஸ்க் அவன் கழுத்தில் தொங்குகிறது. "இப்ப எங்க போட்டிருக்கீங்க?" "மெஷினைத்தான் நிறுத்தியாச்சே" என்று சிரிக்கிறான். புருவமும் இமையும் மாவு அப்பியதுபோல் வெள்ளை. அவள் சிரிக்கவில்லை, அவன் முகத்துக்கு முன்னால் சாய்ந்திருக்கும் வெயிலையே பார்க்கிறாள். அதற்குள் தூசு இறங்காமல் மிதக்கிறது. அவன் மூச்சை இழுக்கும்போதெல்லாம், கூப்பிட்டதுபோல், மொத்தமும் அவன் பக்கம் திரும்பி மெல்ல உள்ளே போகிறது. அவன் மூச்சு விடும்போது அவ்வளவும் திரும்பி வருவதில்லை.