பூஜ்யமாகாத சொல்

'மன்னிப்பு' என்று தட்டினாள்.

ஒன்றும் வரவில்லை.

'வருத்தம்'. அதுவும் இல்லை. 'கோபம்'. ம்ஹூம்.

தேடுபொறி எப்படித் தேடுகிறது என்று கற்றுத்தர, பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு தொகுப்பை ஏற்றி, அதற்குள் தேடிப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் கிரிக்கெட் செய்தி, சினிமா விமர்சனம் என்று ஏற்றினார்கள். அவள் போனில் கிடந்த அப்பாவின் குறுஞ்செய்திகளை ஏற்றினாள்.

வேறெதையும் சேகரிக்கச் சோம்பல் என்றுதான் பக்கத்து இருக்கைக்காரியிடம் சொன்னாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து கிளம்பும்போது, "படிச்சது போதும், நிறுத்திக்க" என்றார் அப்பா. அன்று விட்டதுதான் பேச்சு. செய்திகள் மட்டும் வருகின்றன. அவள் பதில் போடுவதில்லை. எதிலாவது ஒரு வார்த்தை இறங்கி வந்திருந்தால் இந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்விடலாம்.

"சாப்டியா. அங்க மழையா." "சாப்டியா. இங்க கரண்ட் இல்ல."

இவ்வளவுதான் மனிதர்.

எரிச்சலில் அதையே தட்டினாள். சாப்டியா.

எல்லாச் செய்தியிலும் இருக்கும் சொல்லுக்கு மதிப்பு பூஜ்யம். அது எதையும் எதிலிருந்தும் பிரித்துக் காட்டாது. போன வாரப் பாடம். பூஜ்யமென்றால் மதிப்பைக் காட்டும் கோடே வரக்கூடாது. ஆனால் திரையில் அந்தச் சொல்லுக்கு நேரே ஒரு மெல்லிய பச்சைக் கோடு இருந்தது.

"சார், கணக்கு தப்பா வருது."

விரிவுரையாளர் குனிந்து பார்த்தார். "கணக்கு சரிதாம்மா. ஏதோ ஒண்ணுல மட்டும் அந்த வார்த்தை இல்ல. எதுன்னு கேளு, காட்டும்."

கேட்டாள்.

காட்டியது. அவள் கிளம்பி வந்த மறுநாள் அனுப்பியது. அன்றைய கோபத்தில் படிக்காமலே தள்ளிவிட்டிருந்தாள்.

"இன்னைக்கு கடை தொறக்கல."

அவ்வளவுதான்.

அப்பாவுடையது பஞ்சர் கடை. தீபாவளியன்றுகூட அடைக்காத கடை. பெரியப்பாவை எடுத்த அன்றும் சாயங்காலம் திறந்த கடை.

செய்திக்குக் கீழே மென்பொருள் கேட்டது: நீங்கள் தேடியது இதுதானா?

ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

பாழாய்ப்போன கண்ணீர், வகுப்பு நடுவிலா வரவேண்டும்.

எதையும் அழுத்தாமல் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

ஒரே ரிங்கில் எடுத்துவிட்டார். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

முந்திக்கொண்டாள்.

"கடை தொறந்திருக்கியாப்பா?"