தோடு விழுந்த இடம்

குமிழ் வந்தது.

அவர் குனிந்து பார்த்தார். சிலிண்டரின் கழுத்தில், பார்பிக்யூ அடுப்பின் குழாய் பூட்டிய இடத்தில், கசிவு பார்க்கப் பூசிய சவர்க்காரத் தண்ணீர் மெல்லப் பொங்கியது. ஒன்று உடைய இன்னொன்று.

வால்வை மூடினார்.

மற்றவர்களுக்கென்றால் மூக்கே சொல்லியிருக்கும். கூழ்முட்டை நாற்றம் ஊரைக் கூட்டியிருக்கும். அவருக்கு ஒன்றும் இல்லை. பனிக்காலத்தில் வந்த காய்ச்சலோடு மூக்கு கைவிட்டுவிட்டது. மல்லிகையும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.

ஒருவரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

சொன்னால் மகள் சிந்துஜா சும்மா இருப்பாளா? புகை தெரியாத, காஸ் தெரியாத மனிதரை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போவாளா? பேரன் அகரனை அடுத்த நாளே காப்பகத்தில் சேர்த்துவிடுவாள். அவன் இல்லாத பகலை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே சமாளித்தார். தட்டில் எது வந்தாலும் "நல்ல மணம்" என்பார். மீன்குழம்பு அடிப்பிடித்த அன்றும் அதையேதான் சொன்னார். மனைவி ஞானேஸ்வரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். சட்டியை ஊறப்போட்டாள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைக் கோயிலையும் விட்டுவிட்டாள். பேரனோடு வீட்டிலேயே நின்றாள்.

முழங்கால் நோவாம்.

குழாயைக் கழற்றினார். மரை கோணலாக ஏறியிருந்தது. அவசரப்பட்டால் இப்படித்தான். நேராகப் பிடித்து, கையாலேயே இறுகத் திருகினார். வால்வைப் பையப் பையத் திறந்தார். திரும்பவும் சவர்க்காரத் தண்ணீர்.

குமிழ் இல்லை.

அடுப்பின் மூடியைத் திறந்து வைத்தார். லைட்டரை எடுத்தார்.

முதலில் கசிந்தது போயிற்றா? பாரமான காஸ். நிலத்தோடு படுத்துக் கிடக்கும். அதைச் சவர்க்காரம் சொல்லாது.

பந்தை உருட்டிக்கொண்டு அகரன் அடுப்படிக்கே வந்தான்.

அவர் லைட்டரைக் கீழே வைத்தார். போதும் இந்த நடிப்பு. பிள்ளைக்கு மேல் என்ன இருக்கிறது? மகளைக் கூப்பிட வாயெடுத்தார்.

அதற்குள் ஞானேஸ்வரி வந்துவிட்டாள். கோழித் தட்டை மேசையில் வைத்தாள். பேரனைத் தன் பின்னால் இழுத்து விட்டாள். சிலிண்டர் பக்கத்தில் குந்தி, தரையோடு முகத்தை வைத்து, நன்றாக மூச்சை இழுத்தாள்.

குசினி யன்னலில் சிந்துஜா, கையில் சமையல் கரண்டியோடு.

"அம்மா, உதில என்ன தேடுறியள்?"

"தோடு விழுந்திட்டுது, பிள்ளை."

இரண்டு காதிலும் தோடு கிடந்தது.

அவரை நிமிர்ந்து பார்க்காமலே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஒண்டும் மணக்கேல்லை. பத்த வையுங்கோ."

பிறகு எழும்பினாள். முழங்காலைப் பிடிக்கவில்லை.