சனிக்கிழமை மண்வெட்டி

"அண்ணே, சீக்கிரமா ஒரு மண்வெட்டியப் பேப்பர்ல சுத்திக் குடுங்க. எங்க ஊரு ஆளுங்க யாருனா பாத்துட்டா என் கதை முடிஞ்சுது" என்றாள் பாஞ்சாலி, வாசலைப் பார்த்தபடியே.

இரும்புக்கடை முனிரத்தினம் அவசரப்படவில்லை. "இரும்மா. திருடிக்கினா போற? காசு குடுத்துதானே வாங்கற?"

"இன்னிக்கு சனிக்கிழமண்ணே!"

சனிக்கிழமை இரும்பு வாங்குவது சனியனைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவருகிற காரியம் என்பது அந்தப் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவே ஜேஜே என்று இருக்க, முனிரத்தினம் மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அதனால்தான் வாசலில் பலகை மாட்டியிருந்தார்: 'சனிக்கிழமை மட்டும் இரும்புச் சாமான்களுக்கு ரூபாய்க்கு நாலணா தள்ளுபடி.'

பாஞ்சாலிக்கு வேறு வழியில்லை. புதிதாக வந்த தொழிற்சாலையின் கேன்டீன்காரர் திங்கட்கிழமை காலை அவள் ஊரான தண்டலத்துக்கு வருகிறார். வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற நிலத்தைக் கொத்திப் பாத்தி கட்டி வைத்திருந்தால், தினமும் கீரை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் அந்த வாய்ப்பு அடுத்த தெரு லூர்தம்மாளுக்குப் போய்விடும். வீட்டில் இருந்த மண்வெட்டியோ தேய்ந்து தேய்ந்து தோசைத்திருப்பி அளவுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. முழு விலை கொடுக்க அவளிடம் காசும் கிடையாது.

ஆனால் மாமியார் கங்கம்மாளுக்குத் தெரிந்தால்?

மூன்று வருடத்துக்கு முன்னால் மூத்த மருமகள் சந்திரம்மாள் ஒரு சனிக்கிழமை அரிவாள்மணை வாங்கி வந்தாள். கங்கம்மாள் தெருவையே கூட்டிவிட்டாள். "சனிக்கிழமை வாங்கின கோடாலிதான் எங்க மாமனார் கால வாங்கிச்சி! இவ யார் கால வாங்க வந்துகீறா?" அன்று தாய்வீட்டுக்கு விரட்டப்பட்ட சந்திரம்மாள் ஆறு மாதம் கழித்து, காலில் விழுந்துதான் வாசல்படி ஏறினாள்.

பாஞ்சாலிக்குப் போக்கிடமாகத் தாய்வீடும் இல்லை. இருந்தாலும் வந்தது வந்தாயிற்று, மட்டமான சாமானோடு திரும்புவானேன்? பிடி போடாத மண்வெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தாள். நாலாவது கணீர் என்றது. கூடவே ஒரு களைக்கொத்தும் எடுத்துக்கொண்டாள். ஒயர் கூடையில் அடியில் வைத்து, மேலே வெண்டைக்காயைப் போட்டுக்கொண்டு போய்விட்டால் யாருக்கும் தெரியாது.

"இந்த மண்வெட்டிதாண்ணே. நல்ல எஃகுதானே?"

"பத்து வருசம் உழைக்கும். எங்கிட்ட வாங்கினு போன யாரும்..."

பாஞ்சாலியின் காதில் மீதி விழவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம், லாரி போகட்டும் என்று ஒரு பச்சைப் புடவை காத்திருந்தது. காலையில் பெருமாள் கோயிலுக்குக் கிளம்பிய மாமியார் இந்நேரம் வீடு திரும்பியிருப்பாள் என்று கணக்குப் போட்டுத்தான் அவள் வந்திருந்தாள். அந்தக் கணக்கு தப்பிவிட்டது.

"அய்யோ, எங்க அத்தை! யாரோ சொல்லிட்டாங்க. என்னைத் தேடிக்கினு வராங்க!"

முனிரத்தினம் எட்டிப் பார்த்தார். "அந்தம்மாவா உன் மாமியாரு?" அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"உன் தங்கச்சியா நெனச்சி காப்பாத்துண்ணே. காட்டிக் குடுத்துடாத!"

"அந்த பக்கெட் அடுக்குக்குப் பின்னால போ. மூச்சு வுடாத."

மண்வெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு பாஞ்சாலி பதுங்கினாள். அதன் முனை முழங்காலில் குத்தியது. எடுத்து வைத்தால் சத்தம் கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கங்கம்மாள் உள்ளே வந்தாள். கடையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள்.

"இன்னா முனிரத்தினம், கடையில வேற யாருனா கீறாங்களா?"

"யாரும் இல்லம்மா."

"நல்லா ரோசன பண்ணி சொல்லு. தண்டலத்து ஆளுங்க யாருனா வந்தாங்களா?"

"இல்லம்மா. சனிக்கிழமை எவன் வரான்?"

காலடிச் சத்தம் பக்கெட் அடுக்கை நோக்கி வந்தது. இடுக்கு வழியாக, வெடிப்பு விழுந்த அந்தக் குதிகால்கள் பாஞ்சாலிக்குத் தெரிந்தன. கையெட்டும் தூரம்தான். தலைக்கு மேலே இருந்த பக்கெட்டை ஒரு கை தூக்கியது. முடிந்தது என்று அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

டங், டங் என்று விரலால் தட்டும் ஓசை கேட்டது.

"இந்த பக்கெட்டு, அந்தப் பெரிய தோசைக்கல்லு, ஒரு மண்வெட்டி. எல்லாத்தையும் எம்பேர்ல எடுத்து வை. எப்பவும்போல இப்ப காசு குடுத்துடறேன், திங்கக்கிழமை வந்து தூக்கிக்கினு போறேன். நாலணா இன்னாய்யா தள்ளுபடி, எட்டணாவா போடு."

"கட்டாதும்மா. யாரும் வராததாலதான் இந்த வெலயே."

"அது எனக்குத் தெரியாதா?" கங்கம்மாள் சிரித்தாள். "சனிக்கிழமை இரும்பு ஆகாது, ஆகாதுன்னு இருபது வருசமா தொண்ட கிழிய கத்திக்கினு கீறேனே, எதுக்கு? ஜனங்க வந்து மொய்ச்சா நீ வெலய எறக்குவியா?"

பக்கெட் அடுக்குக்குப் பின்னாலிருந்து பாஞ்சாலி மெல்ல எழுந்து நின்றாள். "அத்தே, மண்வெட்டி நான் எடுத்துட்டேன். தோசைக்கல்லு மட்டும் சொல்லுங்க."