நுரைக்கிற மாத்திரை

பெர்னார் எங்கேயோ ஒளிந்து இனிப்பு தின்கிறார் என்பதில் ஜிசேலுக்குச் சந்தேகமே இல்லை. எங்கே என்பது ஒன்றுதான் பாக்கி.

"வாயைத் தொறங்க."

"ஏன்டி, நான் என்ன அஞ்சாங்கிளாஸ் பையனா?"

"தொறங்கன்னா தொறங்க."

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர், மனைவி முன்னால் வாயைத் திறந்தார். ஏலக்காய் வாசனை இல்லை. நெய் வாசனையும் இல்லை.

ஆனால் கையில் ஒட்டியிருக்கிற சென்சார் பொய் சொல்லுமா? தோளுக்குக் கீழே, ஒரு நாணயம் அளவுதான் இருக்கும். இரவும் பகலும் சர்க்கரையை அளந்து ஜிசேலின் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளாக அது காட்டுகிற எண் ஏறிக்கொண்டே போனது. டாக்டர் நிர்மலா இன்சுலின் அளவைக் கூட்டினார். அப்படியும் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை.

வீட்டில் சர்க்கரை டப்பா பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. உழவர்கரையில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போனது.

"உங்கண்ணன் வந்தா வெறும் தண்ணிதான். பாயசம் கீயசம்னு நீட்டினே, அப்புறம் நடக்கிறதே வேற."

பெர்னார் பார்த்துக்கொண்டிருந்தார். "எம்மேல அவ்வளவு நம்பிக்கை இல்லியா?"

"உங்கமேல இருக்கு. உங்க நாக்குமேல இல்ல."

சொல்லிக்கொண்டே தம்ளர் தண்ணீரில் மாத்திரையைப் போட்டாள். புஸ்ஸென்று நுரைத்துத் தண்ணீர் ஆரஞ்சு நிறமானது. வைட்டமின் சி. மகள் அமேலி லீவுக்குப் பிரான்சிலிருந்து வந்தபோது பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்தது. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்று யாரோ சொல்ல, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஜிசேலே முடிவு செய்துவிட்டாள். அதில் சர்க்கரை சேர்த்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கவும் மறக்கவில்லை. இல்லை.

"வேணாம்டி. வயித்தைக் கலக்குது."

"நல்லதுன்னாலே உங்களுக்குக் கலக்கும். குடிங்க."

குடித்தார். அந்தக் காலத்தில் அதிகாரி சொன்னதையும் இப்படித்தான் செய்திருப்பார்.

பிறகு மீன் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பின்னாலேயே ஜிசேல் ஆட்டோ பிடித்தாள்.

"முன்னாடி போற பஸ்ஸை விடாதப்பா."

"யாராவது திருடிக்கிட்டு ஓடுறாங்களாம்மா?"

"இனிமேதான் திருடப் போறாரு. எங்க வீட்டுக்காரரு."

ஆட்டோக்காரர் வேகத்தைக் கூட்டினார்.

பெரிய மார்க்கெட்டில் இறங்கிய பெர்னார் மீன் பக்கம் போகவே இல்லை. நேரே கன்னியப்பனின் இனிப்புக் கடை. ஜிலேபி ஒன்றை வாங்கி, நின்ற இடத்திலேயே அவசர அவசரமாகக் கடித்தார்.

ஜிசேல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். மிச்சமிருந்த பாதியை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"மாட்டினீங்களா!"

"ஜிசேல்... ஒரு மாதிரி நடுங்குதுடி. கண்ணு இருட்டுது. அதான்..."

"நடுங்காம? கையும் களவுமா மாட்டினா யாருக்கும் நடுங்கும்." போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்க. நூத்தி முப்பது காட்டுது. சர்க்கரை இறங்கிடுச்சுன்னு எங்கிட்டயே கதை விடறீங்களா?"

"அம்மா, அவருக்கு வேர்த்துக் கொட்டுதும்மா" என்றார் கன்னியப்பன்.

"நீ பேசாதே. வியாதிக்காரருக்கு ஜிலேபி விக்கிற ஆளு நீ."

சொல்லி முடிக்கவில்லை. பெர்னார் பக்கத்துப் பூக்கடைக் கூடைமேல் சரிந்தார்.

கன்னியப்பனும் ஆட்டோக்காரரும் சேர்ந்து தூக்கி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் நிர்மலா விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார். அறுபதுகூட இல்லை. குளுக்கோஸ் ஏறியது. மெல்ல மெல்லப் பெர்னாருக்குக் கண் தெளிந்தது.

"அந்தப் பாதி ஜிலேபியும் உள்ள போகலைன்னா நிலைமை ரொம்ப மோசமாயிருக்கும்" என்றார் டாக்டர்.

மீதிப் பாதி இன்னும் ஜிசேலின் உள்ளங்கையில் பிசுபிசுத்தது.

"ஆனா டாக்டர், போன்ல நூத்தி முப்பதுன்னு..."

"அதான் எனக்கும் இடிக்குது. வைட்டமின் சி ஏதாவது சாப்பிடுறாரா? மாத்திரை, பவுடர்னு?"

"ஆரஞ்சுத் தண்ணி" என்று படுக்கையிலிருந்து முனகினார் பெர்னார். "தண்ணியில போட்டா நுரைக்குமே, அது. ஆயிரம் மில்லிகிராமாம். ரெண்டு வேளை."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இவர் ஒட்டியிருக்கிற சென்சாருக்கு அது ஆகவே ஆகாது. ஐநூறைத் தாண்டினாலே, ரத்தத்துல இருக்கிறதைவிடச் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அந்த எண்ணை நம்பித்தான் நானும் ஊசி அளவை ஏத்தினேன். இல்லாத சர்க்கரைக்கு ஊசி போட்டா ஆள் சாயாம என்ன செய்வார்? நெல்லிக்காய், கொய்யான்னு அளவாச் சாப்பிடட்டும், யாரு வேணாங்கிறா? மாத்திரைன்னா ஒரு வார்த்தை என்னைக் கேக்க வேணாமா?"

அது மருந்தே இல்லையே என்று சொல்ல நினைத்தாள் ஜிசேல்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஊசியை ஏத்துறப்பவே கேட்டேன், வேற ஏதாவது சாப்பிடுறாரான்னு. ஒண்ணுமே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? தெரிஞ்சே மறைச்சீங்களா?"

ஜிசேல் வாயைத் திறந்தாள். உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் திறந்தாள்.

அதற்குள் பெர்னார் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அவளுக்கு எப்படித் தெரியும் டாக்டர்? திருட்டுத்தனமா குடிக்கிறவன் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டா குடிப்பான்?"